தடுப்பூசி அட்டையும் பெற்றோர் சொன்ன பதில்களும்: ஒரு கணக்கெடுப்பு அனுபவம்

வளரும் நாடுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை அறிய வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கும். அப்படியொன்றில் கேள்வி கேட்கும் வேலை எனக்குக் கிடைத்தது. 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் போவோம். முதல் பிறந்தநாளுக்குள் முடிய வேண்டிய ஊசிகள் முடிந்தனவா என்பது அந்த வயதில்தான் தெரியும்.

முதலில் கேட்பது தடுப்பூசி அட்டையை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்கூட அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டின் மற்ற முக்கியக் காகிதங்களோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். அட்டையைப் படிப்பதுதான் சிரமம். அடுத்து வரவேண்டிய தேதியைப் பென்சிலில் குறித்திருப்பார்கள். அவசரத்தில் பார்த்தால் ஊசி போட்ட தேதி மாதிரியே இருக்கும். அதனால் ஒவ்வொரு தேதியையும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அட்டை இல்லாத வீட்டில் தாயின் நினைவுதான் ஆதாரம். "பென்டாவேலன்ட் போட்டீர்களா?" என்று கேட்டால் விழிப்பார்கள். "பிறந்ததும் கையில் ஒரு ஊசி, பிறகு தழும்பு வந்ததா? தொடையில் எத்தனை முறை போட்டார்கள்? வாயில் சொட்டு விட்டார்களா? ஒன்பது மாதத்தில் ஒன்று போட்டார்களா?" என்று கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். கையில் இருப்பது காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியின் தழும்பு. தொடையில் 6, 10, 14 வாரங்களில் போடுவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய், மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி; அதன் பெயர்தான் பென்டாவேலன்ட். ஒன்பது மாத ஊசி தட்டம்மைக்கு. பெயர் தெரியாதவர்களுக்கும் எந்த இடத்தில், எப்போது போட்டார்கள் என்பது நன்றாகவே நினைவிருந்தது.

சொட்டு மருந்தில் மட்டும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது. போலியோ முகாமில் வீடு தேடி வந்து சொட்டு விட்டுப் போனதும், குழந்தைக்கு எல்லாம் போட்டாகிவிட்டது என்று சிலர் நினைத்திருந்தார்கள். வீடு தேடி வருவது அது ஒன்றுதான் என்றால் அப்படி நினைப்பது இயல்புதானே.

பிறகு, இந்த ஊசி எந்த நோயைத் தடுக்கும் என்ற கேள்வி. "காய்ச்சலுக்கு", "பிள்ளை நல்லா வளர" என்ற பதில்கள்தான் அதிகம். படிவத்தில் இவர்களெல்லாம் 'அறியாதவர்' பட்டியலில் சேர்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தாய்மார்கள் வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், வேலையை விட்டு, வரிசையில் நின்று போட்டு வந்தவர்கள். பாட்டிகள் இருந்த வீடுகளில் பதில் வேறு மாதிரி வரும். தட்டம்மையில் போன பிள்ளைகளையும் போலியோவில் சூம்பிய கால்களையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். இளம் தாய்மார்கள் அந்த நோய்களைப் பார்க்காததற்கே தடுப்பூசிதான் பெரிய காரணம்.

நோயின் பெயரைவிட, அடுத்த ஊசிக்கு வராமல் போகச் செய்யும் பயங்கள் என்னென்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தொடை ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பயந்து நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. பிசிஜி போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகி ஆறுவது இயல்பு. அதைப் பார்த்து ஊசி கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. லேசான சளி இருந்தால் போடக் கூடாது என்று பலர் நம்பினார்கள். லேசான சளி ஒரு தடையே இல்லை.

பெற்றோர் பக்கம் எந்தக் குறையும் இல்லாமல் விடுபட்ட ஊசிகளும் இருந்தன. தட்டம்மை மருந்து பெரும்பாலும் பத்துக் குழந்தைகளுக்கு ஒரே குப்பியாக வருகிறது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மருந்து வீணாகுமே என்று குப்பியைத் திறக்காமல், இன்னும் சில குழந்தைகள் சேரட்டும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு தாய் இப்படித் திரும்பி வந்ததைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது கோபமல்ல, களைப்பு. அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வதந்தியைப் பற்றியும் கேட்டோம். சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தியால் 2003-ல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ முகாமே நின்றுபோய், நோய் பல நாடுகளுக்குப் பரவியது. மதத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் இறங்கி வந்து பேசிய பிறகே நிலைமை மாறியது. 2020-ல் ஆப்பிரிக்காவில் இயற்கைப் போலியோ வைரஸ் இல்லை என்று அறிவிக்க முடிந்தது. நான் போன வீடுகளிலும் சந்தேகம் கேட்டவர்கள் சண்டைக்கு வரவில்லை. யாராவது உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

படிவம் முடிந்து கிளம்பும்போது பலர் கேட்டது ஒன்றுதான்: "நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு, மறுபடியும் முதல்ல இருந்து போடணுமா?" வேண்டாம். போட்டது போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தொடை ஊசிகளுக்கு நடுவே நான்கு வாரம் இருந்தால் போதும் என்று சொல்லி, அடுத்த தடுப்பூசி நாள் என்றைக்கு என்று அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.