கொள்ளுத்தாத்தாவைத் தேடி வருபவருக்கு ஒரு முகப்புப் பக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயங்கும் எங்கள் சிறு தமிழ்ச் சங்கத்தின் இணையதளத்துக்கு வருவோரில் பெரும்பாலோர், தம் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று அறியவே வருகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தத் தொழிலாளராக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதியில் இறங்கியவர்கள் 1,52,000-க்கும் அதிகம். அவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்களில் சென்னைக் கப்பல்களின் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்து, தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். அத்தளத்தின் முகப்பை மாற்றியமைக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது.

பழைய முகப்பில் குறை இருப்பதாகச் சங்கத்தில் எவரும் நினைக்கவில்லை. தினமும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது தெரியவும் தெரியாது. மேலே படங்கள் மாறி மாறி ஓடும்; அடுத்துத் தலைவரின் வாழ்த்துரை; அதன் கீழே விழாச் செய்திகள். தேடுபெட்டியோ மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருந்ததோடு, இறங்கிய ஒவ்வொருவருக்கும் அன்றைய அரசு அளித்த காலனி எண்ணைக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த எண்ணை அறிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். எங்களிடம் வருபவர்களில் அப்படிப்பட்டவர் அரிது.

ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே ஒரு பக்கத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதியதை நம்பி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோவில் அன்னதானத்துக்கு வந்திருந்த சிலரிடம் பக்கத்தைச் சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு, "இது எதற்கான தளம்?" என்று கேட்டேன். ஓடும் படங்களில் கப்பலைக் கண்ட ஓர் ஆன்ட்டி, சுற்றுலா நிறுவனம் என்றார். கோவில் நிர்வாகத்தின் தளம் என்றார் ஓர் இளைஞர். ஒரு முதியவர் மட்டும் கைப்பேசியை வாங்கிப் பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா பேர் முனிசாமி, அது மட்டுந்தான் தெரியும் தம்பி, அதை எங்கே எழுதணும்?" என்று கேட்டார். புதிய முகப்பின் வடிவம் அவருடைய கேள்வியிலிருந்தே பிறந்தது.

வருபவரின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பதென முடிவு செய்தோம். காலனி எண் இருக்கிறதா, கப்பலோ ஆண்டோ தெரியுமா, பெயர் மட்டுந்தானா என மூன்று வழிகள் வைத்தோம். பெயர் வழிதான் எங்களை அதிகம் வாட்டியது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனிசாமியே மூனுசாமி, மூன்சாமி என்றெல்லாம் பதிவாகியிருக்கிறார். ஒலியால் நெருங்கிய பெயர்கள் அனைத்தையும் சேர்த்துக் காட்டும்படி தேடலை மாற்ற வேண்டியதாயிற்று. ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், தொழிலாளர் வருகை நின்றிருந்த 1866-க்கும் 1874-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை எடுத்துவிட்டோம்.

தேடத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டியவை இரண்டு இருந்தன. முப்பது வயதுக்காரர் ஒருவரின் தாத்தா பெரும்பாலும் இங்கேயே பிறந்தவராக இருப்பார். கப்பலில் வந்தவர் அவருக்கும் முந்தைய தலைமுறையாகவோ அதற்கும் முந்தையதாகவோ இருக்கக்கூடும். மேலும், சொந்தச் செலவில் பயணிகளாக வந்த வணிகர் குடும்பங்கள் இந்தப் பட்டியல்களில் இரா. இவ்விரண்டையும் பெட்டிக்கு மேலேயே இரண்டு வரிகளில் எழுதினோம். வெறுங்கையோடு திரும்புபவர், தம் முன்னோரே பொய்யோ என்று ஐயுறாமல் இருக்க இது அவசியம் என்பது என் கருத்து.

மாதிரிப் பதிவு ஒன்றை முகப்பில் காட்டுவதில் விவாதம் எழுந்தது. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு சாதியும் உடலிலுள்ள அடையாளங்களும் எழுதப்பட்டிருக்கும். ஆவணத்தில் உள்ளதை மறைக்கக் கூடாது என்றார் ஒரு பெரியவர். முழுப் பதிவில் எல்லாம் இருக்கட்டும், முதன்முதல் வருபவரின் கண்ணில் முதலில் படுவது ஊர்ப் பெயராக இருக்கட்டும் என்று நான் வாதிட்டேன், அதுவே ஏற்கப்பட்டது. வட ஆர்க்காடு என்ற பழைய மாவட்டப் பெயரின் அருகே, இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகள் என்ற குறிப்பையும் சேர்த்தோம்.

ஓடும் படங்களை நீக்கியதற்கு வேறு காரணமும் உண்டு. இங்கே பலர் சிறுகச் சிறுக டேட்டா வாங்கிப் பயன்படுத்துபவர்கள். பெரிய படங்களுக்காக அவர்கள் காசு கரைவது நியாயமில்லை. தமிழ் வரவேற்பு வரியும் முன்பு படமாகவே இருந்தது. அதை யூனிகோடு எழுத்தாக்கினோம். வருவோரில் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் விளக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் அந்த ஒரு வரியை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வாழ்த்துரை, தலைவரின் சம்மதத்தோடு, "எங்களைப் பற்றி" என்னும் பக்கத்துக்குச் சென்றது. அந்தச் சம்மதம் பெறுவதற்குத்தான் மற்ற வேலைகள் எல்லாவற்றையும்விட அதிக நாட்கள் ஆயின.

இப்போது வரும் கடிதங்களின் தன்மையே மாறியிருக்கிறது. எப்படித் தேடுவது என்று கேட்பவர்கள் குறைந்து, ஒரே பெயரில் பலர் வருகிறார்களே, இவர்களில் எங்கள் தாத்தா யார் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆகவே தந்தை பெயரையும் ஊரையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் முடிவுகள் பக்கத்தைத் திருத்தும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.