ஆம்பருக்குள்ள மாட்டுன கூன்வண்டுக்கு குடும்பம் தேடுன கத

டிசம்பர் லீவுல ஆரம்பிச்ச வேல சித்திரை வருஷப் பொறப்பு வரைக்கும் இழுத்துச்சு. நான் ஹட்டன் பக்கம் ஏ.எல். (உயர்தரம்) புள்ளைங்களுக்கு பயோ படிச்சுக் குடுக்குறேன், பூச்சி எல்லாம் சும்மா பொழுதுபோக்கு தான். லிதுவேனியாவுல இருந்து ஆன்லைன்ல ஒரு பால்டிக் ஆம்பர், அதாவது கல்லா எறுகிப்போன மரப்பிசின், வாங்குனேன், புளியங்கொட்ட சைசு, உள்ள 4 மில்லிமீட்டர்ல ஒரு கூன்வண்டு (மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குற வண்டு, வீவில்னு சொல்வாங்க). ஈயோசீன் காலத்து மரப்பிசின், கொறஞ்சது 3.4 கோடி வருஷம். பர்மா ஆம்பர் இன்னும் பழசு, 9.9 கோடி வருஷம், அதுல மெசோஃபைலெட்டிடேன்னு அழிஞ்சுபோன ஒரு கூன்வண்டுக் குடும்பமே இருக்கு, ஆனா அது கெடைக்கிற கச்சின் சுரங்கத்த 2017ல மியன்மார் ராணுவம் புடிச்சுருச்சு, என் சம்பளக் காசு அங்க போக வேணாம்னு விட்டுட்டேன்.

மொதல்ல அது ஒரிஜினலான்னு பாக்கணும்ல. ஒரு கிளாஸ் தண்ணியில உப்ப கரையாம அடியில தங்குற வரைக்கும் போட்டு கலக்கிப் போட்டா மெதந்துச்சு, கண்ணாடின்னா முங்கிரும். ஆனா கோபல்னு சொல்ற இளசான பிசினும் மெதக்கும், அதனால ஓரத்துல ஒரு சொட்டு அசிட்டோன் வச்சுப் பாத்தேன், பிசுபிசுன்னு ஒட்டல, சரின்னு நம்பிட்டேன்.

அதுக்கப்புறம் தான் தலவலி. கூன்வண்டுல 60,000க்கு மேல இனம் பேரு வச்சிருக்காங்க, நம்ம தேயிலைக் கொப்புல ஓட்ட போடுற ஷாட் ஹோல் போரர் கூட இந்தக் கூட்டம் தான், மூக்கு தான் இல்ல. குடும்பத்தப் பிரிக்க மொதல்ல மூக்கும் மீசையும் (உணர்கொம்பு) பாக்கணும். என் வண்டுக்கு மூக்கு கட்டையா அகலமா இருந்துச்சு, மீசை நேரா இருக்குற மாதிரி தெரிஞ்சுச்சு. நேர் மீசை, கட்ட மூக்கு, அப்ப ஆந்த்ரிபிடேங்கிற குடும்பம் தான்னு முடிவு பண்ணி டப்பா மேல பேனாவால எழுதியும் வச்சுட்டேன், மூணு வாரம் அந்த நெனப்புலயே சுத்துனேன்.

ஒரு ஞாயித்துக்கிழம அம்மா வந்து, "செத்துப்போன வண்ட என்னத்தடா பாத்துக்கிட்டே இருக்க, ரோசாச் செடிய உசுரோட ஒன்னு திங்குது, அதப் புடிச்சு போடு"ன்னு சத்தம் போட்டாங்க. போய்ப் பாத்தா சாம்பல் கலர்ல மைலோசெரஸ் வகைக் கூன்வண்டு, எல ஓரத்த வெட்டி வெட்டி தின்னுக்கிட்டு இருக்கு. (இதோட சொந்தக்காரன் ஒன்னு 2000ல ஃப்ளோரிடாவுல போய் எறங்கிருச்சு, அங்க அதுக்குப் பேரே ஸ்ரீலங்கா வீவில்.) கையில எடுத்ததும் செத்த மாதிரி சுருண்டுச்சு, மீசையோட மொத துண்ட, அது நல்ல நீளம், கண்ணுக்கு மேல பின்னால மடிச்சு ஒட்டிக்கிச்சு, மீதி மட்டும் முன்னுக்கு நீட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு பக்குனு இருந்துச்சு. ஆம்பர் வண்டுல நான் முழு மீசைன்னு எண்ணுனது அந்த மீதியத் தானோ?

ஆம்பர்ல நான் பாத்த பக்கம் வண்டோட கண்ண மறைச்சு பால் மாதிரி வெள்ளப் படலம், பால்டிக் ஆம்பர்ல இது நெறைய வரும். அதனால மத்தப் பக்கத்தத் தேய்க்க வேண்டியதாப் போச்சு, 1000 நம்பர் தண்ணி சேண்ட்பேப்பர், அப்புறம் 2000, கடைசியில பற்பசையும் பழைய டெனிம் துணியும். தண்ணிக்குள்ள வச்சே தேய்க்கணும், சூடானா வெடிச்சுரும். அவசரத்துல கொஞ்சம் கூடவே தேச்சு பின்னங்கால் நகம் ஒன்னு போயிருச்சு, அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

சனிக்கிழம ஸ்கூல் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புல, கிளிசரின் ஒரு சொட்டு விட்டு மேல கவர் ஸ்லிப் வச்சு, வெளிய பனி மூட்டம் லென்ஸ் வேற மூடிக்கிட்டே இருக்க துடைச்சுத் துடைச்சுப் பாத்தா, மீசை முழங்கை மாதிரி தெளிவா மடிஞ்சிருக்கு. ஆந்த்ரிபிடேவுக்கு மேலுதடு தனியாத் தெரியணும், அதுவும் இல்ல. மடிப்பு மெசோஃபைலெட்டிடேலயும் உண்டு தான், ஆனா அது பால்டிக் காலத்து ஆள் இல்ல, அப்ப கர்குலியோனிடேங்கிற குடும்பம். இன்னும் உத்துப் பாத்தா தாடையில ஒரு சின்ன வட்டத் தழும்பு. அதுக்குள்ள எண்டிமினேங்கிற உட்குடும்பத்துல கூட்டுப்புழு மண்ணுக்குள்ள இருக்கும், வண்டா ஆனதும் வெளிய வர தாடையில ஒரு கொம்பு மாதிரி முளைச்சிருக்கும், வந்ததும் ஒடிஞ்சு விழுந்துரும், தழும்பு மட்டும் நிக்கும். ரோசாச் செடி வண்டும் இதே எண்டிமினே தான், அதுலயும் தாடையப் பாத்தேன், இருந்துச்சு.

ஜீனஸ் (பேரினம்) வரைக்கும் போக வயித்துப் பக்கம் பாக்கணும், அங்க படலம் நல்லா மூடிருக்கு, மைக்ரோ சி.டி.ங்கிற நுணுக்கமான எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தா தான் தெரியும், அதுக்கு நான் எங்க போறது. டப்பாவுல ஆந்த்ரிபிடேவ வெட்டிட்டு கீழ எண்டிமினேன்னு எழுதிருக்கேன், இந்தத் தடவ பென்சில்ல.