மெர்ட்டன் கல்லூரி: திட்டமிடாமல் அமைந்த முற்றம்

ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கல்லூரி எது என்ற வழக்கில் யூனிவர்சிட்டி, பேலியல், மெர்ட்டன் ஆகிய மூன்று கல்லூரிகளும் உரிமை கோருகின்றன. தனக்கெனச் சொத்தும் விதிமுறையும் கொண்டு தன்னைத் தானே ஆளும் அமைப்புதான் கல்லூரி என்று கொண்டால், நான் மெர்ட்டனின் பக்கமே நிற்பேன். இங்கிலாந்தின் சான்சலராக இருந்த வால்ட்டர் டி மெர்ட்டன் 1264இல் எழுதிய சாசனம், நிலவருவாயைக் கொண்டு அறிஞர்கள் கவலையின்றிப் படிக்க வழிசெய்தது; பின்வந்த கல்லூரிகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

ஆனால் என்னைப் பெரிதும் ஈர்ப்பது அதன் கட்டடங்கள் உருவான விதம். மாப் குவாட் என்னும் சிறு நாற்கட்டு முற்றம் ஒரே வரைபடத்தில் பிறந்ததன்று. முதலில் ஆவணங்களைக் காக்கும் கருவூலம் எழுந்தது. தீ அண்டாதிருக்க அதற்குச் செங்குத்தான கற்கூரை போட்டார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்து, 1378 அளவில் நான்கு பக்கமும் மூடின. இருபக்கங்களின் மேல்தளத்தில் நூலகம். அதன் சன்னல்கள் ஒடுக்கமானவை, நெருக்கமானவை. ஒவ்வொரு வாசிப்பு இருக்கையிலும் பகலொளி விழ வேண்டும் என்பதே காரணம். நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு நூலை எடுத்துச் செல்ல முடியாதல்லவா? தேவையிலிருந்து பிறந்த இந்த ஒழுங்கை எந்த அலங்காரத்தையும்விட நான் உயர்வாக மதிக்கிறேன்.

தேவாலயத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பாடகர் குழு அமரும் பகுதி 1290களில் எழுந்தது, குறுக்குக் கூடங்கள் பின்னர் வந்தன, கோபுரம் 1450 வாக்கில் நிறைவுற்றது. மேற்கே நீள வேண்டிய பெருங்கூடம் மட்டும் கட்டப்படவேயில்லை. அதற்கென ஒதுக்கிய நிலம், 1517இல் தோன்றிய கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குப் போயிற்று. அடைக்கப்பட்ட வளைவுகளை மேற்குச் சுவரில் இன்றும் காணலாம். இப்படித் தற்செயலாக ஆங்கில எழுத்தான டி வடிவில் நின்றுவிட்ட அமைப்பையே, நியூ கல்லூரி முதலியவை வேண்டுமென்றே பின்பற்றின என்பது கட்டடக்கலை வரலாற்றின் அரிய நிகழ்வு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாப் குவாடையே இடித்துவிட்டுக் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டின் புதிய கட்டடத்தை எழுப்பும் திட்டம் எழுந்தது. நல்ல வேளையாக அது கைவிடப்பட்டது. அவர் கட்டிய க்ரோவ் கட்டடம் மாப் குவாடுக்கும் கிறைஸ்ட் சர்ச் புல்வெளிக்கும் இடையே தனியாக எழுந்தது.