ஆற்றைப் பார்த்த வயல்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், சாஸ்கட்டூன் நகரிலிருந்து வடக்கே 11ஆம் எண் நெடுஞ்சாலையில் கிளம்பினால், ஜூன் மாதத்தில் இருபுறமும் கண்ணுக்கெட்டியவரை பச்சைதான். கோதுமை, கனோலா, நடுநடுவே சின்னக் குட்டைகள். இந்தச் சாலைக்கு லூயி ரியேல் பெயரை வைத்திருக்கிறார்கள். கனடா அரசு 1885இல் தேசத்துரோகி என்று சொல்லித் தூக்கிலிட்ட மனிதர் அவர். அவருடைய மேத்தி மக்கள் கடைசியாக நின்று போரிட்ட பட்டோஷ் கிராமத்துக்குத்தான் குடும்பத்தோடு போனோம்.

வழியில் ரோஸ்தர்ன் ஊரில் நிறுத்திவிடுங்கள். பெட்ரோல், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பிரெய்ரி என்னும் இந்தப் புல்வெளிச் சமவெளி ஊர்களில் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் பெரும்பாலும் கோ-ஆப்தான். நம்மூர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி உறுப்பினர்களே முதலாளிகள். ரோஸ்தர்னின் பழைய ரயில் நிலையத்தை நாடக அரங்கமாகவும் தேநீர்க் கூடமாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சீகர் வீலரின் பண்ணை இருக்கிறது. 1911இல் நியூயார்க் போட்டியில் உலகின் சிறந்த கோதுமை என்று பரிசு வாங்கிய விவசாயி. பரிசு 1,000 டாலர், தங்கமாகக் கொடுத்தார்கள்.

அப்புறம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். இங்கே கிராமத்துச் சாலைகளைக் கவனியுங்கள். வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓடுகின்றன. முழு சமவெளியையும் சதுர மைல்களாக அளந்து, ஒவ்வொன்றிலும் கால் பங்கை, அதாவது 160 ஏக்கரை, 10 டாலர் கட்டணத்தில் குடியேறிகளுக்குக் கொடுக்க 1872இல் சட்டம் போட்டார்கள். நான் ஓட்டிக்கொண்டிருந்த சரளைச் சாலை அந்த அளவையின் ஒரு கோடு.

ஆனால் ஆற்றை நெருங்கும்போது இந்தச் சதுரம் உடைகிறது. தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் மேத்தி மக்கள். விலங்குகளின் ரோமத்தோல் வணிகத்துக்கு வந்த பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் ஆண்களுக்கும் கிரீ போன்ற பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். அவர்கள் நிலத்தை நீளப் பட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றில் குறுகலான ஒரு முகப்பு, அதற்குப் பின்னால் வீடு, வயல், புல்வெளி என்று மூன்று கிலோமீட்டர்போல நீளும். தண்ணீரும் மரமும் எல்லாருக்கும் கிடைக்கும், பக்கத்து வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். சதுரமாக வெட்டினால் பாதிப்பேருக்கு ஆறே இல்லை. மனு மேல் மனு போட்டும் ஒட்டாவாவிலிருந்து உருப்படியான பதில் வரவில்லை. 1884இல் மேத்தி தலைவர் கேப்ரியல் டூமானும் இன்னும் சிலரும் குதிரையேறி மான்டானா வரை போய், அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ரியேலை அழைத்துவந்தார்கள்.

அடுத்த ஆண்டு அது அரசுக்கு எதிரான கிளர்ச்சியானது. அது முடிந்த விதத்தின் தடயம் பட்டோஷில் அப்படியே இருக்கிறது. 1885 மே 9 முதல் 12 வரை சண்டை. அரசு தரப்பில் ஜெனரல் மிடில்டனின் படை சுமார் 900 பேர், கூடவே பீரங்கிகளும், கைப்பிடியைச் சுழற்றி விடாமல் சுடும் ஒரு கேட்லிங் துப்பாக்கியும். எதிரே 300க்கும் குறைவானவர்கள். கடைசி நாளில் குண்டு தீர்ந்துபோய் ஆணியையும் கூழாங்கல்லையும் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். மேத்திகள் பதுங்கிச் சுட்ட குழிகள் சரிவில் இன்றும் தெரிகின்றன. பாதிரியார் வீட்டுச் சுவரில் தோட்டா துளைத்த இடத்தைப் பையன் விரலால் காட்டினான். பக்கத்தில் அந்தோணியார் தேவாலயம், வெள்ளைப் பலகைச் சுவரோடு. அதைத் தாண்டி ஆற்றைப் பார்த்தபடி கல்லறைத் தோட்டம். 1906இல் இறந்த டூமான் அங்கேதான் இருக்கிறார், தலைமாட்டில் ஒரு பெரிய பாறை. அந்த மேட்டில் நின்று பார்த்தால் நிலம் ஏன் ஆற்றைப் பார்த்துக் கிடந்தது என்பது எந்தப் பலகையையும் படிக்காமலே விளங்கும். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

புல்லுக்குள் நடப்பவர்கள் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். ஜூனில் உண்ணி அதிகம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், நிழல் குறைவு.

திரும்பும்போது பாலத்துக்குப் போகாமல் வடக்கே செயின்ட் லாரன்ட் படகுத்துறைக்குப் போனோம். இரு கரைக்கும் இழுத்துக் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு சில கார்களை ஏற்றிப் போகும் படகு. மாகாண அரசு நடத்துகிறது, கட்டணம் கிடையாது. ஆறு உறைந்தால் நிறுத்திவிடுவார்கள். 1885இல் ராணுவம் நார்த்கோட் என்ற நீராவிக் கப்பலை ஆற்றுவழியாக அனுப்பியபோது, மேத்திகள் இப்படிப்பட்ட படகுவடத்தைத்தான் தாழ்த்தி அதன் புகைபோக்கிகளை வெட்டிச் சாய்த்தார்கள். கப்பல் சண்டைக்கு உதவாமல் நீரோட்டத்தோடு போய்விட்டது.

அக்கரையில் டக் லேக். 1885 மார்ச் 26இல் முதல் மோதல் இங்கேதான். ஊர்ச் சுவர்களில் அந்த வரலாற்றைப் பெரிய ஓவியங்களாக வரைந்திருக்கிறார்கள். மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் ஃபோர்ட் கார்ல்டன், ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பழைய வணிகக் கோட்டை. மரவேலியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1876இல் கிரீ தலைவர்கள் கனடா அரசோடு ஆறாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இடம். காட்டெருமை அழிந்துகொண்டிருந்த காலம். பஞ்சமும் நோயும் வந்தால் உதவி வேண்டும், அரசு முகவர் வீட்டில் மருந்துப் பெட்டி இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதவைத்தார்கள். இன்றும் பூர்வகுடி மக்கள் தங்கள் மருத்துவ உரிமைக்கு அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். கோட்டைப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கச் சிறிய முகாம் உண்டு.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூலையில் போங்கள். ஒவ்வொரு ஜூலையும் மேத்தி குடும்பங்கள் பல இடங்களிலிருந்து பட்டோஷுக்குத் திரும்பி வந்து திருவிழா நடத்துகிறார்கள். ஃபிடில் இசை, ஜிக் ஆட்டம், குதிரைவண்டிப் பந்தயம் எல்லாம் உண்டு. நாங்கள் போனபோது அதற்கான மைதானம் காலியாக இருந்தது. அடுத்த பயணத்தை அந்த வாரத்துக்கே வைத்திருக்கிறோம்.