சிவப்புக் கட்டம்

செப்டம்பர் 29, 2025, திங்கள்

எங்கள் வீட்டு வசதி அலுவலகம் ஏழைக் குடும்பங்களுக்காகக் கட்டும் அக்டோபர் வாடகைக்கான கோப்பு வங்கிக்குப் போய்விட்டது. புதன்கிழமை வீட்டுக்காரர்கள் கணக்கில் ஏறிவிடும். நாளை நள்ளிரவு பட்ஜெட் நிறைவேறாமல் வாஷிங்டனில் என்ன கூத்து நடந்தாலும் இந்த மாதத்துக்குப் பழுதில்லை. நிதிக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு "நவம்பர்?" என்றார். காங்கிரஸைக் கேளுங்கள் என்றேன். இருவரும் சிரித்தோம்.

செப்டம்பர் 30

ஆறு மணிவரை எக்ஸெல்லோடு மல்லுக்கட்டு. எங்களுக்குப் பணம் தரும் மத்திய வீட்டு வசதித் துறை, ஹட், கொடுத்திருக்கிற இரண்டாண்டுக் கணிப்புக் கோப்பு. எத்தனை வவுச்சருக்கு, அதாவது வாடகை உதவிச் சீட்டுக்கு, வீடு கிடைத்திருக்கிறது, ஒரு வீட்டுக்குச் சராசரியாக என்ன செலவு, மாதாமாதம் எத்தனை பேர் திட்டத்தைவிட்டுப் போகிறார்கள். மூன்றையும் எப்படி மாற்றிப் போட்டாலும் டிசம்பர் கட்டம் சிவப்பாகத்தான், பணம் போதாமல்தான், வருகிறது.

போன வருடம் இதே மேசையில் திட்டு வாங்கியது குறைவாகச் செலவழித்ததற்கு. மிச்சம் வைத்தால் அந்தக் கையிருப்பை அடுத்த வருடப் பணத்தில் கழித்துக்கொள்வார்கள், அதனால் ஆட்களைக் கூப்பிடுங்கள், வவுச்சரைக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். வாடகை அதற்குள் எங்கேயோ போய்விட்டது. அன்றைக்கு விரட்டிய அதே ஆட்கள் இன்று கையைப் பிசைகிறார்கள்.

'வெளியேறுகிறவர்கள்' என்ற பத்தியில் ஒன்றிரண்டைக் கூட்டினால் சிவப்பு வெளுக்கிறது. அந்தப் பத்தியில் யார் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளம் உயர்ந்து போகிறவர்கள் கொஞ்சம். விதி மீறியதற்காக நாங்களே நீக்குகிறவர்கள் கொஞ்சம். செத்துப்போகிறவர்கள் கொஞ்சம். கோப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

அக்டோபர் 1

மத்திய அரசாங்கம் முடக்கம். சிகாகோவில் ஹட் அலுவலகத்தில் எங்கள் ஊரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மெயில் போட்டேன். தானியங்கிப் பதில்.

அக்டோபர் 3

கே. நேரில் வந்திருந்தார். எங்கள் வரவேற்பறைக் கதவில் ஓர் இடி இடிக்காமல் அவருடைய சக்கர நாற்காலி உள்ளே வராது. இதுதான் ஊனமுற்றவர்களுக்கு வீட்டு வசதி செய்துதரும் அலுவலகத்தின் லட்சணம்.

வவுச்சர் கையில் வாங்கி 60 நாள் முடிந்து, உடல்நிலையைக் காரணம் காட்டி நீட்டித்து, அந்த நீட்டிப்பும் நவம்பர் நடுவில் முடிகிறது. படி இல்லாத தரைத்தள வீடு வேண்டும். இந்த ஊரில் பாதி வீடுகள் நூறு வயதானவை. வாசலில் நான்கு படி, உள்ளே போனால் இன்னொரு படி.

ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பென்சிலால் கோடு போட்டு, யாரை எப்போது கூப்பிட்டார், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக. 'போய்விட்டது.' 'மாடிதான் இருக்கிறது.' 'திரும்பக் கூப்பிடுகிறேன்.' 'வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு வேண்டும்.' இந்தக் கடைசி பதில்தான் இப்போது எல்லா இடத்திலும். எங்கள் இல்லினாய் மாநிலத்தில் 2023 ஜனவரியிலிருந்து வவுச்சர்காரர் என்பதற்காக வீடு இல்லை என்று சொல்வது சட்டத்துக்குப் புறம்பு. அதனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூன்று மடங்கு என்கிறார்கள். இவருக்கு மாதம் வருவது எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை, 967 டாலர். மூன்று மடங்கு பார்த்தால் குளியலறையைத்தான் வாடகைக்கு எடுக்கலாம்.

அந்த நோட்டைப் பிரதி எடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னேன். எழுத்து அவ்வளவு நேர்த்தி. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியிருப்பார்.

அக்டோபர் 7

காலை எட்டேகாலுக்கு, வவுச்சருக்குக் காத்திருக்கும் பாட்டியின் வாய்ஸ்மெயில். தினமும் அதே நேரம். "குட் மார்னிங், என் நம்பர் நகர்ந்திருக்கிறதா?" நம்பர் என்று ஒன்று இல்லை. குலுக்கல் முறை, அப்புறம் முன்னுரிமைகள். அதை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. தகுதி உள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் இந்த நாட்டில் ஏதாவது ஒரு வாடகை உதவி கிடைக்கிறது என்பதையும் சொல்லலாம். எட்டேகாலுக்கு யாரிடமும் சொல்கிற விஷயம் இல்லை.

அக்டோபர் 10

அவசர வவுச்சர் குடும்பங்களுக்கான கடிதத்தின் நாலாவது வரைவு. வழக்கறிஞர் ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு இரண்டைச் சேர்க்கிறார்.

2021-ல் கொரோனா நிவாரணச் சட்டத்தில் கொடுத்தது. நாடு முழுக்க 70,000 வவுச்சர், 500 கோடி டாலர். வீடில்லாதவர்கள், அடி உதைக்குத் தப்பி வந்த பெண்கள். 2030 வரை தாங்கும் என்று நம்பித்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இந்த மார்ச்சில் ஹட் கடிதம் வந்தது, இதுவே கடைசித் தவணை என்று. வாடகை ஏறிய ஏற்றத்தில் பணம் நான்கு வருடம் முன்னதாகவே தீர்கிறது. ஆர். இந்த வவுச்சரில் தன் இரண்டு பெண் குழந்தைகளோடு காப்பகத்திலிருந்து வந்தவர். பெரியவள் இப்போது பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். போன வருட மறுசரிபார்ப்பின்போது அம்மாவைவிட அவள்தான் பேசினாள்.

அவர்களைச் சாதாரண வவுச்சருக்கு மாற்ற வழி இருக்கிறது. போர்டு முன்னுரிமை கொடுத்தால் போதும். ஆனால் அந்தச் சாதாரண வவுச்சரின் கட்டம்தானே சிவப்பாக இருக்கிறது.

வழக்கறிஞர் 'உங்களுக்கு இயன்றவரை முன்கூட்டியே தெரிவிக்கிறோம்' என்ற வரியைச் சேர்த்திருக்கிறார். அடித்துவிட்டேன்.

அக்டோபர் 16

ஒரு வீட்டுக்காரர் 150 டாலர் ஏற்றிக் கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்து வாடகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். போகிறது. கொடுக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 20, தீபாவளி

அலுவலகத்துக்கு முறுக்கு கொண்டுபோனேன். பதினோரு மணிக்குள் டப்பா காலி.

இரவு அம்மா மதுரையிலிருந்து. வீட்டுக்காரர் தை மாதத்திலிருந்து வாடகையைக் கூட்டப் போகிறாராம், அட்வான்ஸும் சேர்த்துக் கேட்கிறாராம். ஒரு மணி நேரம் அதே பேச்சு. நடுவில், "ஏண்டி, அங்கயும் வாடகை வீட்டுல இருக்கிறவங்க இருக்காங்களா? கவர்மெண்டு அவங்களுக்கு வாடகை குடுக்குமா? அப்ப அட்வான்ஸ் யாரு குடுப்பா?" என்று கேட்டார்.

இந்தத் திட்டத்தின் ஓட்டையை இத்தனை வருடத்தில் எந்த ஆடிட்டரும் இவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை. சாதாரண வவுச்சர் அட்வான்ஸ் கொடுக்காது. கையில் வவுச்சர் இருந்தும் பத்துப் பேரில் நாலு பேருக்கு வீடு அமையாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் 22

வாஷிங்டனில் அசைவில்லை. நவம்பர் பணம் வந்துவிடும் என்று பக்கத்து ஊர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் அவர்களுக்கு இன்னொரு பக்கத்து ஊர் சொன்னதாம்.

அக்டோபர் 24

சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை உயர்வு அறிவித்துவிட்டார்கள். 2.8 சதவீதம். எஸ்எஸ்ஐ ஜனவரியிலிருந்து 994.

கே.யின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 967-ல் கழிவு போக முப்பது சதவீதம், வாடகையில் அவர் பங்கு 280 டாலர். 994 ஆனால் 288. விலைவாசிக்காக அரசாங்கம் அவருக்கு 27 டாலர் கூட்டுகிறது, அதில் 8 டாலர் என் கோப்புக்குள் வந்துவிடுகிறது. எங்கள் முதியவர்கள், ஊனமுற்றவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். சூத்திரத்தை இழுத்துவிட்டேன். பிப்ரவரிக் கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. நிதிக்காரர் மேசையைத் தட்டினார்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் அம்மாவிடம் "ஏழைகளுக்கு வீடு கொடுக்கிற வேலை" என்று சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 28

வவுச்சர் வீடுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் படம் அனுப்பினார். சமையலறையில் ஓவன் கதவு திறந்திருக்கிறது, அதன் முன்னால் ஒரு மடக்கு நாற்காலி, நாற்காலியில் குழந்தையின் கோட். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடவில்லை. வீட்டுக்குள் 58 டிகிரி ஃபாரன்ஹீட். 64-க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து என்ற வகை, 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். கூடவே கேஸ் ஓவன், கார்பன் மோனாக்சைடு. அலாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பேட்டரி இல்லை என்றார். கையில் வைத்திருந்த பேட்டரியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அது விதியில் இல்லை.

வீட்டுக்காரர் உதிரி பாகம் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்.

அக்டோபர் 29

24 மணி நேரம் முடிந்தது. பணத்தை நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். சரியான முடிவு. அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மின்சார ஹீட்டர் ஏற்பாடு செய்தது தேவாலயத்துக்காரர்கள்.

நிறுத்திய பணம் கோப்பில் மிச்சமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் அதைத் தேடிப் போகவில்லை. அதுவாகவே கண்ணில் படுகிறது.

நவம்பர் 1, சனி

அரசு உணவு உதவிக்கான லிங்க் கார்டில் பணம் ஏறவில்லை. சர்ச் வாசலில் உணவுக்கான வரிசை தெருமுனை வரை. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் கையசைத்தார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் போகிற பணம் வாடகையிலிருந்துதான் எடுக்கப்படும். 280 டாலரைக் கட்ட முடியாமல் போனால் வெளியேற்ற நோட்டீஸ். நோட்டீஸ் வந்தால் வவுச்சருக்கே ஆபத்து. அப்புறம் அதே 'வெளியேறுகிறவர்கள்' பத்தி.

நவம்பர் 3

நவம்பர் வாடகை போய்விட்டது. ஒரு வீட்டுக்காரர் விடாமல் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் சொல்லியாயிற்று. டிசம்பர் தெரியாது.

நவம்பர் 4

பாட்டி இன்றைக்குக் கூப்பிடவில்லை.

நவம்பர் 5

கூப்பிட்டார். நேற்று நகராட்சித் தேர்தலா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு நம்பர்.

ஃபர்னஸ் சரியாகிவிட்டது. மறு இன்ஸ்பெக்ஷன் பாஸ், 70 டிகிரி. பணத்தைத் திரும்ப ஓடவிட்டேன், கட்டம் மறுபடி ஒரு சாயல் சிவந்தது. சந்தோஷம் வருவதற்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியைத்தான் இந்த வேலையில் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6

டைரக்டரோடு இரண்டு மணி நேரம். ஷார்ட்ஃபால், பணப் பற்றாக்குறை, என்று ஹட்டிடம் போய் நின்றால் முதல் கேள்வி, வவுச்சர் கொடுப்பதை எப்போது நிறுத்தினீர்கள்? இரண்டாவது, தேடிக்கொண்டிருக்கிறவர்களிடமிருந்து திரும்ப வாங்கினீர்களா?

அவர் இரண்டு விஷயம் சொன்னார். வீடு தர ஒப்புக்கொண்ட வீட்டுக்காரரின் படிவம் வந்திருந்தால் அந்த வவுச்சரைத் தொட வேண்டாம். வெறும் தேடலில் இருப்பவை 14-ஆம் தேதி ஐந்து மணியோடு ரத்து. அப்புறம், உதவியைக் கணக்கிட நாங்கள் வைக்கும் உச்சத் தொகையான பேமெண்ட் ஸ்டாண்டர்டை டிசம்பரிலிருந்து இறக்குவது. சந்தை வாடகை என்று ஹட் போடுகிற தொகையில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் நாங்களே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் மேல்பக்கத்தில் இருக்கிறோம், கீழ்ப்பக்கத்துக்குப் போகலாம் என்கிறார். ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு இது மெதுவாகத்தான் உறைக்கும். புதிதாக வீடு பிடிக்கிறவர்களுக்கு உடனே.

அதை இறக்கினால் வாடகை குறையப்போவதில்லை, ஏழை கொடுப்பதுதான் கூடும் என்றேன். "எல்லோரையும் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னும் யாரையும் சேர்க்கக்கூடாது" என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

தேடிக்கொண்டிருக்கும் எல்லோரையும் இன்றே கூப்பிடச் சொல்லிவிட்டேன். ஒருவர் விடாமல். கடிதம் போதாது, கடிதம் பிரிப்பவர்கள் இந்த ஊரில் குறைவு.

நவம்பர் 8

தூக்கம் இல்லை. மணி மூன்று. ஆர்.-இன் பெரிய பெண் பெயரைப் பள்ளிக் கச்சேரி நோட்டீஸில் பார்த்தேன். அவர்களுக்குக் கடிதம் இன்னும் போகவில்லை.

நவம்பர் 10

கே.க்கு வீடு கிடைத்துவிட்டது போலிருக்கிறது! தரைத்தளம், பின்வாசலில் ஏற்கெனவே சரிவுப் பாதை. முன்பு அந்த வீட்டுக்காரரின் அம்மா இருந்த வீடாம். வாடகையும் மின்சாரமும் சேர்த்து ஸ்டாண்டர்டைவிட 75 டாலர் கூட. 280-உம் 75-உம் 355. வருமானத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அவர் கட்டக்கூடாது, அந்த வரம்பு 373. உள்ளே வருகிறது. டிசம்பரில் ஸ்டாண்டர்டு இறங்கினால் வராது. நவம்பர் முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

நவம்பர் 12

இரவு வாஷிங்டனில் பட்ஜெட் மசோதா கையெழுத்தாகிவிட்டது. அரசாங்கம் திறக்கிறது, ஜனவரி 30 வரை. அதற்கப்புறம் மறுபடியும் இதே.

நவம்பர் 13

ஹட் ஆள் மெயில் போட்டார். 'தாமதத்துக்கு வருந்துகிறேன்' என்று. பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கே சம்பளம் வரவில்லை. கணிப்புக் கோப்பைத் திங்கட்கிழமைக்குள் கேட்கிறார். ஷார்ட்ஃபால் குழு பார்க்குமாம்.

ஆர்.-க்கான கடிதமும் மற்றவர்களுக்கானதும் மதியம் தபாலில். நான் ஆர்.-ஐப் போனில் முதலில் கூப்பிட்டுச் சொன்னேன். எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டார். அடுத்த வருடம், மாதம் சொல்ல முடியவில்லை என்றேன். "அப்போது பள்ளி முடிந்திருக்குமா?" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

கே.யின் படிவம் 4:20-க்கு வந்தது. வீட்டுக்காரர் கையால் நிரப்பி, போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 1978-க்கு முந்தைய வீடு, ஈயப் பெயின்ட் பகுதியில் கையெழுத்து இருக்கிறது. வாடகை இருக்கிறது. ஹீட்டர் கேஸா கரண்டா, அடுப்பு எது, பில் யார் கட்டுவது, அந்தக் கட்டங்கள் அத்தனையும் காலி. அது இல்லாமல் படிவம் வந்ததாகக் கணக்கில்லை. 75 டாலரா 130 டாலரா என்பதே அதில்தான் இருக்கிறது.

4:35. வீட்டுக்காரர் எடுக்கவில்லை. கே.யைக் கூப்பிட்டேன், அவர் பக்கத்தில்தான் இருக்கிறாராம், வீட்டுக்காரரின் கடைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்கிறார்.

4:48. அடுப்பு கரண்ட். ஹீட்டர் தெரியவில்லை, வீட்டுக்காரர் அடித்தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்...