கை கொடுப்பது

பார்வை இழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையத்தில் நடமாட்டப் பயிற்சி தருவது என் வேலை. சேர்ந்த புதிதில் யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பிரெய்ல் சொல்லித் தரும் சார்தான் அதைத் திருத்தினார். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். "நீங்க பிடிக்காதீங்க. கையைக் கொடுங்க, அவங்க பிடிச்சுக்கட்டும்" என்றார். நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அவர்கள் அரை எட்டுத் தூரம் பின்னால் வருவார்கள். படி வந்தால் நம் உடம்பு ஏறுவதை அவர்கள் விரல் முன்கூட்டியே சொல்லிவிடும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

சர்க்கரை நோயால் கண் போன ஒருவர் வந்தார். பயத்தில் அவர் பிடித்த பிடியில் என் கை கன்றிப்போகும். பேச்சே கிடையாது. பிரெய்ல் வகுப்பு இன்னும் கொடுமை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். சர்க்கரை அவர் விரல்நுனி நரம்புகளையும் விட்டுவைக்கவில்லை. "கண்ணும் போச்சு, விரலும் போச்சு" என்று தாளைத் தள்ளிவிட்டார்.

சார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தொடலாமா?" என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து "ம்" என்று வந்தது. தன் புறங்கையை அவர் புறங்கையோடு ஒட்டிவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்புறம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக வருடினார். "இங்கே தெரியுதா? இங்கே?" தெரிந்தது. அந்த முன்கையிலேயே புள்ளி புள்ளியாக அழுத்தி, "இது உங்க பேரோட முதல் எழுத்து" என்றார்.

மெல்லிய வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உண்டு, நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகம்தான் அவற்றுக்குப் பிடிக்கும் என்று பிறகு படித்தேன். சார் அதையெல்லாம் படித்தவரல்ல.

கண் போனவர் அழுதார். "ஊசி போடத் தொடுறாங்க, இடத்தை விட்டு நகர்த்தத் தொடுறாங்க. சும்மா யாரும் தொடலை சார்" என்றார். பயிற்சி என்ற பெயரில் நான் எத்தனை பேரை நகர்த்தியிருக்கிறேன் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரெய்ல் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. பேசும் செயலியை வைத்து போனைப் பழகிக்கொண்டார். ஆனால் அந்தப் பிடி நாளுக்கு நாள் தளர்ந்தது. மூன்றாம் வாரம் இரண்டு விரல்தான் என் கையில் இருந்தது. படியேறும்போது நின்று கேட்டார்: "ராத்திரி தூங்கலையா நீங்க? நடை ஒரு மாதிரி இருக்கே."