பொன்னம்பலவாணருக்கு வளவுச் சண்பகம்

கொழும்பு கொச்சிக்கடையில் எழுந்தருளியிருக்கும் பொன்னம்பலவாணேசுவரரைத் தரிசிக்கப் புறப்படும் நாளில், எங்கள் வெள்ளவத்தை வளவில் சண்பகம் பூத்திருந்தால், அம்மம்மா கடைப்பூ வாங்க விடமாட்டார். மழை மிகுந்த காடுகளில் நூறடிக்கு மேல் உயர்ந்து, என்றும் பசுமை மாறாது நிற்கும் மரம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பு மண்ணும் அதற்குப் பிறந்த வீடாகவே அமைந்துவிட்டது.

பூப்பறிப்பதும் பூசையின் பகுதி என்பதே அம்மம்மாவின் கொள்கை. விடியற்காலையில் நீராடி, கொக்கத்தடியால் கிளையை மெல்லத் தாழ்த்தி, திருமுறை ஓதியபடி பறிக்க வேண்டும். உதிர்ந்த பூவும் முகர்ந்த பூவும் இறைவனுக்கு ஆகா. சண்பகத்தைப் பொறுத்தவரை முகராதிருப்பது எளிதன்று, ஏனெனில் இலைக்கக்கத்தில் ஒவ்வொன்றாக மலரும் அந்தப் பொன்னிறப் பூக்களின் மணம் நாம் தேடாமலே நம்மை வந்தடைகிறது. அரும்பால் அருச்சிக்கலாகாது என்ற பொதுவிதியிலிருந்து தாமரையோடு சண்பகத்துக்கும் விலக்கு உண்டு. புன்னை, வெள்ளெருக்கு, பாதிரி முதலியவற்றோடு அட்டபுட்பங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுவதையும், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் தல விருட்சமாக நிற்பதையும் நினைக்கும்போது, இம்மரம் நம் வளவில் நிற்பதே பெரும் பேறு என்று தோன்றுகிறது. அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையாரும் போயா நாளில் மதிலருகே வந்து, விகாரையில் புத்தருக்குச் சாத்துவதற்கு இதே பூவைக் கேட்டு வாங்கிச் செல்வார்.

பனையோலைப் பெட்டியில் வாழையிலை விரித்துப் பூக்களை அடுக்கிக்கொண்டு, காலி வீதியில் பேருந்தேறிப் புறக்கோட்டையில் இறங்கினோம். பேருந்தில் அருகிலிருந்தவர்கள் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னம்பல முதலியார் 1856 இல் அமைத்த கோவிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி முழுவதும் கருங்கல்லில் புதுப்பித்தார். 1912 இல் குடமுழுக்கு நடைபெற்றது. வெளியே துறைமுக நகரத்தின் வெயிலும் பாரவண்டிகளின் இரைச்சலும் இருக்க, உள்ளே கற்றூண்களுக்கிடையே எண்ணெய் விளக்கின் ஒளி மட்டுமே வழிகாட்டுகிறது. கண்ணுக்கு வேலை குறையும் அவ்விடத்தில் நறுமணம் எத்தகைய வழிபாடாகிறது என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன். குருக்கள் பெட்டியை வாங்கி அருச்சனை செய்து, தீபாராதனைக்காகத் திரை விலக்கியபோது, கர்ப்பூரத்தையும் சாம்பிராணியையும் மீறிச் சண்பகம் அர்த்தமண்டபம் வரை பரவி நின்றது. சிவகாமியம்மை சந்நிதியில் அம்மம்மா நெடுநேரம் கைகூப்பியபடியே நின்றார். அவரை அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிமண்டபத்தில் ஓர் இளம் தாய் கன்று கிடைக்குமா என்று கேட்டார். விதையே போதும் என்றார் அம்மம்மா. காய் வெடித்துச் செந்நிறச் சதை தெரிந்தவுடன், பறவைகள் கொத்துமுன் விதைகளை எடுத்து, சதையை நீக்கிக் கழுவி, உலரவிடாமல் உடனே விதைக்க வேண்டும். நாள் கடத்தினால் அவை முளைப்பதில்லை. அடுத்த காய்ப்பில் அவருக்காக ஒரு கைப்பிடி விதை எடுத்துவைப்பதாக அம்மம்மா வாக்களித்திருக்கிறார்.